ஒன்பது கூண்டுக் குளவிகள்

கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேராவது எழுந்து வருவார்கள். பாசத்தால் அல்ல. "ருக்மணியக்கா, ஊட்டுல கரப்பான் தொல்லை தாங்க முடியலீங்க. என்ன மருந்து அடிக்கறதுங்க?" என்று கேட்கத்தான். பூச்சி ஆபீஸில் வேலை பார்த்தவள் என்றால் கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் என்று எங்கள் சொந்தபந்தத்தில் எப்போதோ தீர்மானம் போட்டுவிட்டார்கள். நான் முப்பத்தைந்து வருடம் பார்த்தது ஒட்டுண்ணிக் குளவிகளை, அதுவும் கடுகில் பாதிகூடத் தேறாதவற்றை என்று விளக்குவேன். "கொட்டுமுங்களா?" என்பார்கள். கொட்டாது என்றதும் முகம் வாடிவிடும். கொட்டாத குளவியைப் பார்த்துக்கொண்டிருக்கவா இவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைப்பார்கள் போல.

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து கீர்த்தனா என்ற பெண் போத்தனூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். முனைவர் பட்டம் வாங்கியவள். குளவிகளை அடையாளம் காண இனி மைக்ராஸ்கோப்பில் கண்ணை நோகடிக்க வேண்டியதில்லை, போனில் படம் எடுத்தால் அதுவே பெயரைச் சொல்லிவிடும் என்றாள். கையோடு கொண்டுவந்த குப்பியில் ஒரு குளவி இருந்தது. படம் எடுத்தாள். போன் அதைக் கட்டெறும்பு என்றது. கொஞ்சம் திருப்பி வைத்து எடுத்தாள். கொசு என்றது. மூன்றாம் தடவை, கடித்திருந்தால் மருத்துவரைப் பார்க்கவும் என்று அக்கறையோடு யோசனை சொன்னது.

"அப்டேட் வந்தா சரியாயிருமுங்கம்மா," என்றாள் கீர்த்தனா. எனக்குப் போன்மேல் கோபம் வரவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி உரக்கச் சொல்கிற குணத்தை அது எங்கள் ஆபீஸ் மீட்டிங்குகளில்தான் கற்றிருக்க வேண்டும்.

அவள் வந்த காரியம் வேறு. ஆபீஸில் சிறப்பு மலர் போடுகிறார்களாம். "நீங்க எதிரிக் குளவியக் கண்டுபுடிச்சீங்கல்ல, அதை எழுதிக் குடுங்கம்மா. நாங்கெல்லாம் அந்தக் கதையச் சொல்லித்தான் புதுசா வாரவங்களுக்கு டிரெய்னிங் குடுக்கறோம்," என்றாள். சரி, எழுதுகிறேன் என்றேன். ஆனால் அவள் சொல்லிக்கொடுக்கிற கதையும் நடந்த கதையும் ஒன்றல்ல.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணிக் குளவி தன் முட்டையை இன்னொரு பூச்சியின் உடம்புக்குள் வைக்கும். முட்டை பொரிந்த புழு உள்ளேயே இருந்து அந்தப் பூச்சியைத் தின்று வளர்ந்து, ஒரு நாள் முதுகில் துளை போட்டுக்கொண்டு குளவியாக வெளியே வரும். இப்படித் தின்னக் கொடுக்கிற பூச்சிக்குப் புத்தகத்தில் ஓம்புயிரி என்று பெயர். அழைக்காத விருந்தாளி வயிற்றுக்குள் உட்கார்ந்து தின்பதை ஓம்புதல் என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். எப்படியோ, பயிரைத் தின்னும் பூச்சியை இந்தக் குளவி தின்றால் விவசாயிக்கு லாபம். ஆகவே எந்தக் குளவி எந்தப் பூச்சியிலிருந்து வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் நான் இருந்தேன்.

கிணத்துக்கடவுப் பக்கம் அடுத்தவர் பருத்திக்காட்டில் களை வெட்டிய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்து, தினக்கூலியாக ஆபீஸில் நுழைந்தேன். முதல் ஆறு மாதம் கண்ணாடிக் குப்பி கழுவினேன். அடுத்த ஒரு வருடம் உறிஞ்சுகுழல். ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் மறுமுனைக் குப்பிக்குள் குளவி வந்து விழும். நடுவில் கட்டியிருக்கும் மெல்லிய துணி கிழிந்திருந்தால் குளவி நேராகத் தொண்டைக்கு வரும். நான் சைவம் என்று சொல்லிக்கொள்கிற தகுதி அந்த வருடத்தோடு போய்விட்டது. பிறகு மெல்ல மெல்ல மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் வந்து சேர்ந்தேன்.

கொண்டுவந்து சேர்த்தவர் டாக்டர் நாச்சிமுத்து. எங்கள் பிரிவின் தலைவர், நாங்கள் கூப்பிடுவது ஐயா என்று. கொங்குநாட்டில் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவோம், ஆனால் ஐயாவிடம் மரியாதை ஏற ஏற ஆபத்து என்று அர்த்தம். சந்தோஷமாக இருந்தால் "ருக்கு, இதைப் பாரு," என்பார். லேசான வருத்தம் என்றால் "ருக்மணி, இதைப் பாருங்க." கோபம் உச்சிக்குப் போய்விட்டால் "ருக்மணி அம்மிணிங்க, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களாங்க?" இந்தக் கடைசி அழைப்பைக் கேட்டு ஒரு கிளார்க் நேராக வீட்டுக்கே போய்விட்டார்.

அவர் குளவி பார்க்கும் விதமே தனி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் மூச்சை அடக்குவார், ஏனென்றால் காய்ந்த குளவி ஒரு மூச்சுக்குப் பறந்துவிடும். உணர்கொம்பில் எத்தனை கணு, இறக்கையில் எந்த நரம்பு எங்கே நிற்கிறது, முதுகில் மயிர் எங்கெங்கே என்று வரிசையாகப் பார்ப்பார். ஐந்து நிமிடம் பேசமாட்டார். தலையைத் தூக்கியதும் பெயரைச் சொல்லமாட்டார். "எதிலிருந்து வந்துச்சு?" என்றுதான் கேட்பார். பதில் தெரியவில்லை என்றால் திட்டமாட்டார். துண்டுச்சீட்டில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு ஒதுக்கி வைப்பார். ஊகித்துச் சொன்னால்தான் அம்மிணி ஆகிவிடுவோம்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கத்தான் ஒரு முறை வைத்திருந்தோம். மாவுப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பப்பாளி இலையில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளையாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுமே, அதுதான். உள்ளே குளவிப் புழு வளர்ந்ததும் மாவுப்பூச்சி செத்துக் காய்ந்து பழுப்பாகக் கெட்டிப்படும். இதை மம்மி என்போம். அரிசிக் குருணையைவிடச் சிறிய இந்த மம்மியை ஈரப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் காலி கேப்ஸ்யூலுக்குள் போட வேண்டும். ஒரு மம்மிக்கு ஒரு கேப்ஸ்யூல். குளவி வெளியே வந்ததும் அதை லென்ஸில் பார்த்து, யாரென்று உறுதி செய்த பிறகே எங்கள் வளர்ப்புக் கூண்டுக்குள் விட வேண்டும். மம்மியின் காலி ஓடு, கேப்ஸ்யூல் இரண்டையும் கவரில் போட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும். முந்நூறு மம்மி என்றால் முந்நூறு கேப்ஸ்யூல். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண்ணில் நீர் வடியும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், மாவுப்பூச்சியைத் தின்னும் குளவி இருப்பது போல, அந்தக் குளவியைத் தின்னும் குளவியும் இருக்கிறது. அதுவும் அதே மம்மிக்குள்தான் வளரும். வெளியே பார்த்தால் இரண்டு மம்மியும் ஒன்றேதான். உள்ளே விவசாயியின் நண்பன் இருக்கிறானா, நண்பனைத் தின்றவன் இருக்கிறானா என்பது வெளியே வந்தால்தான் தெரியும்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது நடந்தது இது. ஆனைமலைப் பக்கம் பப்பாளித் தோட்டங்களில் மாவுப்பூச்சி பரவியிருந்தது. அங்கிருந்து ராமாத்தாள் என்ற பெண் ஆபீஸுக்கு வந்தாள். பிளாஸ்டிக் பையில் வெள்ளை வெளேரென்று இலைகள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவள், முதன்முதலாகக் குத்தகைக்கு இரண்டு ஏக்கர் பிடித்துப் பப்பாளி வைத்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் மூன்று விதமான மருந்து கொடுத்துவிட்டார், நாலாவதை எடுத்து வைத்துக் காத்திருந்தார்.

ஐயா அவளை உட்காரவைத்து எங்கள் குளவியைப் பற்றிச் சொன்னார். அவள் இலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப ஒறம்பரையா விருந்துக்கு வந்த மாதிரி வந்து, ஊட்டுக்காரனையே தின்னுபோடுமுங்களா?"

"ஆமாங்க," என்றார் ஐயா. "ஆனா ஒண்ணு. நாங்க குளவி கொண்டாந்து உடற வரைக்கும் நீங்க எந்த மருந்தும் அடிக்கக் கூடாதுங்க. அடிச்சா குளவியும் செத்துப்போயிருமுங்க."

"பரவிப்போச்சுன்னா என்ன பண்றதுங்க?"

"மூணே வாரமுங்க. கொண்டாந்துருவோமுங்க."

"சரிங்க, நீங்க சொல்றீங்க, மருந்தை உட்டுர்றனுங்க," என்றாள். போகும்போது என் பக்கம் திரும்பி, "அக்கா, மறந்துபோடாதீங்க," என்றாள். அன்றிலிருந்து அவள் மருந்து அடிக்கவில்லை.

எங்களிடம் ஒன்பது கூண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. மரச்சட்டமும் கண்ணாடியும் துணியுமாக, ஒவ்வொன்றுக்குள்ளும் முளைவிட்ட உருளைக்கிழங்கு, அதன்மேல் மாவுப்பூச்சி, அதன்மேல் குளவி. இதற்காக மாதாமாதம் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு கேட்போம். நாங்கள் ஆபீஸுக்குள் போண்டா போடுகிறோம் என்று ஸ்டோர் கிளார்க் கடைசி வரை நம்பினார்.

இந்த நேரத்தில் மேலதிகாரி ஒருவருக்கு யோசனை உதித்தது. குளவியைச் சும்மா விடுவதா? விழா எடுத்து விட வேண்டாமா? சாலையோரமாக இருப்பதால் ராமாத்தாள் தோட்டத்திலேயே பந்தல். சிறப்பு விருந்தினர், சால்வை, ஃபிளெக்ஸ். ஐம்பது ஐம்பது குளவியாக முந்நூறு குப்பி, பல ஊர் விவசாயிகளுக்கும் கொடுக்க. ஒன்பது கூண்டுக் குளவி அதற்குப் போதாது. இன்னும் மூன்று கூண்டு போடு, வெளியிலிருந்து புது மம்மி கொண்டு வா என்று என்னிடம் சொன்னார்கள்.

கிணத்துக்கடவுப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு பப்பாளிக்காடு எனக்குத் தெரியும். போய் முந்நூறு மம்மி எடுத்து வந்தேன். கேப்ஸ்யூலில் பிரிக்க உட்கார்ந்தேன். தொண்ணூற்று நாலு பிரித்தேன். குளவிகள் வந்தன, ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அத்தனையும் நம் ஆள்தான். வெல்லப்பாகு நிறம், தெளிந்த இறக்கை.

மிச்சத்தைப் பிரிக்கவில்லை. அவசரம் என்று சொல்லலாம், முதுகுவலி என்று சொல்லலாம். இரண்டும் இருந்தன, ஆனால் காரணம் அவை அல்ல. திமிர்தான் காரணம். முப்பத்து மூன்று வருட அனுபவம், மம்மியைப் பார்த்தே உள்ளே இருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாதா என்ற திமிர். கீர்த்தனாவின் போனாவது குளவியைப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொன்னது. நான் பார்க்காமலேயே சொன்னேன். மீதி இருநூற்று ஆறு மம்மியையும் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் கூண்டுகளில் அப்படியே கொட்டிவிட்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு குளவிகளைப் பிடித்தோம். பன்னிரண்டு கூண்டிலிருந்தும் உறிஞ்சியதை ஒரு பெரிய ஜாடியில் விட்டு, தேன் தடவிய காகிதம் வைத்து, அதிலிருந்து குப்பிகளுக்குப் பிரிப்பது வழக்கம். பிரிக்கும்போது ஒரு குளவியின் இறக்கை நடுவில் புகை படிந்த மாதிரி இருந்தது. லென்ஸுக்குக் கீழே வைத்தேன். அதே வெல்லப்பாகு நிறம், அதே உயரம். முதுகில் மட்டும் கறுப்பாக ஒரு மயிர்க்கொத்து, பெயிண்ட் பிரஷ் முனை போல நிமிர்ந்து நின்றது.

நண்பனைத் தின்கிறவன். ஜாடியில் தேடினேன். பதினேழு கிடைத்தன. எந்தக் கூண்டிலிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

ஐயாவிடம் கொண்டுபோனேன். அந்த அளவு யோக்கியதை இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சை அடக்கிப் பார்த்தார். பதினேழையும் பார்த்தார். தலையைத் தூக்க வெகுநேரம் ஆயிற்று.

"ருக்மணி அம்மிணிங்க," என்றார். "நல்ல வேளைங்க, கண்ணுல பட்டுச்சு. குப்பியோட போயிருந்தா ஊரூராப் பரப்பியிருப்போமுங்க. இது எதிலிருந்துங்க வந்துச்சு? வெளி மம்மி எல்லாத்தையும் கேப்ஸ்யூல்ல பிரிச்சுத்தானுங்க உட்டீங்க?"

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். இல்லீங்க ஐயா, கடைசி மூணு கூண்டுல பிரிக்காமக் கொட்டிப்போட்டனுங்க. அவ்வளவுதான். ஒன்பது கூண்டு சுத்தமாக இருந்தது. எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

"எல்லாம் பிரிச்சுத்தானுங்க உட்டேன். எதிலிருந்து வந்துச்சுன்னு தெரியலீங்க ஐயா," என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "தெரியலைன்னா எதையும் நம்ப முடியாதுங்களே. ஒவ்வொரு கூண்டாப் பிரிச்சுப் பாக்க மூணு வாரமாகும். அதுக்குள்ள துணியில நுழைஞ்சு எல்லாக் கூண்டுக்கும் போயிருமுங்க. ஜாடியில இருக்கறது, கூண்டு பன்னெண்டு, எல்லாத்தையும் அழிச்சுருங்க," என்றார்.

கொதிக்கும் தண்ணீர் அண்டாவில் ஜாடியில் பிடித்திருந்த குளவிகளையும் பன்னிரண்டு கூண்டின் கிழங்குகளையும் நானே முக்கினேன். சுத்தமான ஒன்பதையும் சேர்த்து. வாயைத் திறந்தால் அவை பிழைக்கும் என்று ஒவ்வொரு கூண்டைத் தூக்கும்போதும் தெரிந்தது. திறக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஓய்வு, நல்ல பெயர், ருக்மணி அம்மா கண்ணுக்குத் தப்பாது என்று ஊரெல்லாம் பேச்சு. இத்தனையையும் ஒரு வாக்கியத்தில் போட்டு உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லி ஐயா மேலதிகாரிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் பதில் எங்களுக்கும் கேட்டது. "குப்பி இருக்குதில்லீங்க? கண்ணுக்கே தெரியாத பூச்சி. உள்ள இருந்தா என்னங்க, இல்லாட்டி என்னங்க? சாப்பாட்டுக்கு எல்லாம் சொல்லியாச்சு."

அப்படியாக, முந்நூறு காலிக் குப்பியோடு நாங்கள் ஆனைமலைக்குப் போனோம். ஃபிளெக்ஸில் எங்கள் குளவி என்று போட்டிருந்தது ஒரு தேனீயின் படம். அடியில் எட்டு அதிகாரிகளின் படங்கள், எல்லாம் தேனீயைவிடப் பெரியவை. சிறப்பு விருந்தினர் முதல் குப்பியின் மூடியைத் திறந்து பப்பாளி இலைகளுக்கு நடுவே உதறினார். "ஆகா, என்ன வேகமாப் பறக்குது பாருங்க!" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மேலதிகாரி, "அதோ, அந்த எலையில உக்காந்துருச்சுங்க," என்று கையைக் காட்டினார். பத்திரிகைக்காரர் அந்த இலையைப் படம் பிடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஐயா மட்டும் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார்.

சாப்பாட்டுப் பந்தியின்போது ராமாத்தாள் என்னைத் தேடி வந்தாள். கையில் அவளுக்குக் கொடுத்த இரண்டு குப்பிகள். கறுப்புச் சேலைத் தலைப்பை அடியில் விரித்து, குப்பியை வெயிலில் பிடித்துக் காட்டினாள்.

"ஏனுங்கக்கா, இதுல தேன் தடவுன காயிதந்தான் இருக்குது. பூச்சியே இல்லீங்களே?"

அத்தனை பேர் கூடிய இடத்தில் குப்பிக்குள் ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

"இன்னிக்கு விழாவுக்காக இப்படிக் குடுத்தது, ராமாத்தா. நெசக் குளவி பொறவு வரும். நான் கொண்டாந்து தாரேன்."

"எப்பங்க?"

"சீக்கிரமா."

"மரத்துக்கெல்லாம் பூச்சி ஏறிப்போச்சுங்கக்கா. நீங்க சொன்னீங்கன்னு மருந்தைக் கையில தொடாம இருக்கறனுங்க. அடிக்கட்டுமுங்களா, வேண்டாமுங்களா?"

அடி என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். "கொஞ்சம் பொறுத்துக்க," என்றேன். அவள் பொறுத்துக்கொண்டாள்.

எங்கள் கூண்டுகள் மறுபடி நிமிர மூன்று மாதம் ஆயிற்று. அதற்கு முன்பே என்னால் தாங்க முடியாமல், பழைய பப்பாளிக்காட்டில் மம்மி எடுத்து, இந்தத் தடவை ஒன்று விடாமல் கேப்ஸ்யூலில் பிரித்து, நூறு குளவியோடு ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். பந்தல் போட்ட இடத்தில் வெட்டிப் போட்ட பப்பாளி மரங்கள் எரிந்துகொண்டிருந்தன. குத்தகையை விட்டுவிட்டதாக ராமாத்தாள் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க என்னுங்க பண்ணுவீங்க, பூச்சி பண்ணுனதுக்கு," என்று சொல்லி, குடிக்க மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது தேங்காய் நார் மில்லில் வேலைக்குப் போகிறாள்.

ஐயா ஒரு காரியம் செய்தார். விழாவில் விட்டவை காலிக் குப்பிகள் என்றும், கூண்டுகள் கெட்டதற்குப் பிரிவின் தலைவர் என்ற முறையில் தானே பொறுப்பு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். உண்மையை எழுத்தில் பார்த்த மேலிடம் பதறிப்போய், தேயிலைப் பூச்சிகளைக் கவனிக்க அவரை வால்பாறைக்கு மாற்றியது. காலிக் குப்பி பற்றிய பேச்சை மூடுவதற்கு வேறு கதை தேவைப்பட்டது. எதிரிக் குளவிகள் உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டன, நல்ல குளவிகளே விடப்பட்டன, கண்டுபிடித்தவர் ருக்மணி. எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். போய் வாங்கிக்கொண்டேன், புதுச் சேலை கட்டிக்கொண்டு.

கீர்த்தனா, நீங்கள் டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுப்பது அந்தச் சான்றிதழில் இருக்கிற கதையைத்தான்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் வால்பாறைக்குப் போனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. செய்த பாவத்துக்கு முன்பணம் போல ஒவ்வொரு வளைவிலும் குமட்டியது. ஐயாவுக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள், சுவரெல்லாம் ஈரம். மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை படியாமலிருக்கப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா ருக்கு, இதைப் பாரு. தேயிலைப் புழுவுல இருந்து வந்தது. நான் பாத்ததே இல்லை," என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

பார்த்தேன். அழகான குளவிதான், ஆனால் கண்ணில் நீர் நின்றதால் சரியாகத் தெரியவில்லை. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னேன். தொண்ணூற்று நாலு பிரித்ததை, மீதியைக் கொட்டியதை, கடைசி மூன்று கூண்டை, சுத்தமான ஒன்பதை. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

"தெரியுமுங்க," என்றார்.

"எப்படிங்க ஐயா?"

"எல்லாத்தையும் அழிச்சு ஒரு வாரம் இருக்குமுங்க. நீங்க எழுதி வெச்ச கவரைப் பிரிச்சேன். மேல முந்நூறு மம்மின்னு உங்க கையெழுத்து. உள்ள எண்ணுனா தொண்ணூத்தி நாலு கேப்ஸ்யூல்."

"அப்புறம் ஏனுங்க ஐயா என்னையக் கேக்கலை? எம்பேரை எழுதியிருக்கலாமுங்களே? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏதோ அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி.

அவர் பல்பைக் கொஞ்சம் லென்ஸ் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கேட்டனுங்களே அம்மிணி," என்றார். "கூண்டு பன்னெண்டும் உசுரோட இருக்கறப்பவே கேட்டனுங்களே."

டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை வந்து என்னை ஏற்றிவிட்டார். மலை இறங்கும்வரை அவமானத்தில் உடம்பு கூசிக்கொண்டிருந்தது, இதை எழுதும்போதும் கூசுகிறது. ராமாத்தாளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மலர் அச்சாவதற்குள் ஆனைமலைக்குப் போய், நார் மில் விடுகிற நேரத்துக்கு வாசலில் நின்று சொல்லிவிட வேண்டும்.